ராய்ஸ் வீட்டில் இருந்த குளிர்காலம்

பேனா மூன்றாவது முறையாகப் போர்வைக்குள் நழுவி விழுந்தது. ஷெல்பி அதைத் தேடியெடுத்து அப்பாவின் விரல்களுக்குள் மறுபடியும் செருகினாள்.

“விடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம்னு ஒண்ணு எனக்கு இல்ல கண்ணு,” என்றார் ராய்ஸ். “எங்க போடணும், காட்டு.”

ஈரலில் வந்த புற்று ஆளைப் பாதியாக்கியிருந்தது. கூடத்தில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே திருட்டை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்தார்: எட்டு வருஷத்துக்கு முன், பதினைந்து வயது மகளின் பெயரையும் அடையாள எண்ணையும் கொடுத்து இந்த வீட்டுக்கு எரிவாயு இணைப்பு வாங்கியது நான்தான்.

ஷெல்பிக்கு விஷயம் தெரிந்தே பத்து நாள்தான் ஆகிறது. கைக்குழந்தையோடு குடிபோக ஒரு ட்ரெய்லர் வீடு பார்த்து, கடனுக்கு மனுப் போட்டிருந்தாள். பேங்க்காரி கம்ப்யூட்டரைத் திருப்பி அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டைக் காட்டினாள். ஷெல்பி வாங்காத கடன், எரிவாயு பில் பாக்கி ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர், வசூல் கம்பெனியின் கையில் இருந்தது. அந்தக் கம்பெனிக்காரனுக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. “இன்னிக்கு நாப்பது டாலர் மட்டும் கட்டிடுங்க மேடம், ஒரு நல்லெண்ணத்துக்கு,” என்று தினமும் போன். நாற்பதைக் கட்டினால் மொத்தமும் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உன் கடன் இல்லையென்றால் போலீஸ் அதிகாரி ஷெரிஃபிடம் திருட்டுப் புகார் கொடு, செய்தது யாரென்று எழுது, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நகலைக் கொண்டு வா என்றுவிட்டாள் பேங்க்காரி. இன்றைக்கு வெள்ளி.

கையெழுத்தைப் போட்டுவிட்டு ராய்ஸ் கண்ணை மூடினார். ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றது. நர்ஸ் வந்து பார்த்து, உறுதி சொல்லிவிட்டுப் போனாள். மணி மூன்றாகிவிட்டதே என்றுதான் ஷெல்பிக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

கிளம்புமுன், அப்பாவின் ஒப்புதலோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய புகாரைச் சரிபார்த்தாள். இணைப்பு வாங்கிய நாள், ஜனவரி ஒன்பது. அவள் கை அப்படியே நின்றது. அப்பாவுக்கு ஒஹையோ நதியில் நிலக்கரிப் படகு வேலை. நவம்பரில் போனால் மார்ச்சில்தான் வீடு திரும்புவார்.

சமையலறையில் அம்மா வான்டா, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஜனவரியில அப்பா எப்படி இங்க இருந்தாரு?”

வான்டா திரும்பவில்லை. “பில்லு கட்டலன்னு, அவரு பேர்ல இருந்த, வீட்டச் சூடாக்குற கேஸைக் கம்பெனிக்காரன் வெட்டிட்டுப் போயிட்டான். என் பேர்ல கேட்டா, பழைய பாக்கி இருக்குன்னான். வெளிய ஒரே பனி. நீ நெஞ்சு சளியோட இருமிக்கிட்டுக் கெடந்தே. இந்த வீட்டுல உன் பேரு ஒண்ணுதான் சுத்தமா இருந்துச்சு.”

“கட்டியிருக்கலாம்ல?”

“கட்டத்தான் நெனச்சேன். அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போடு. என் பேர எழுது. செத்த மனுசன் தலையில கட்டாத.”

“எழுதினா உன்னப் பிடிச்சிட்டுப் போவாங்கம்மா.”

“போறேன்.”

ஷெல்பிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டு வருஷமாக வாயைத் திறக்காதவள் இன்றைக்குத் தியாகம் செய்ய வந்துவிட்டாள்! கத்தத்தான் வாயெடுத்தாள்.

“அந்தக் குளிர்காலத்துல எனக்குக் குளிரினதா ஞாபகமே இல்லம்மா,” என்றாள்.

குழாய் திறந்தபடியே ஓடியது.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் மெல்வின் வண்டியோடு வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றி, கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நோட்டை எடுத்தார். “நாளைக்குப் பத்திரிகையில சாவுச் சேதி ரெண்டு வரி போடணும். என்ன எழுதட்டும்?”

இந்த ஊரில் ஷெரிஃபும் அந்தப் பத்திரிகையைத்தான் படிப்பார்.

“படகு வேலை,” என்றாள் வான்டா. “முப்பது வருஷம். பாவம், ஒரு குளிர்காலம்கூட வீட்டுல...”

“ஒரு வருஷம் இருந்தாரு,” என்றாள் ஷெல்பி. “எனக்குப் பதினஞ்சு வயசு. அந்த வருஷம் மட்டும் வேலைக்குப் போகல. எங்களோடதான் இருந்தாரு.”

மெல்வின் நிமிர்ந்து வான்டாவைப் பார்த்தார். “அதையும் போடணுமா?”

வான்டா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“போடு மெல்வின்.”

ஷெல்பி காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தாள். மணி நாலு. வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அம்மா குனிந்து போர்வையை இழுத்து, அப்பாவின் இரண்டு பாதங்களையும் காற்றுப் புகாமல் மூடிக்கொண்டிருந்தாள்.