விரதம் இருந்து வரவும்

இதனால் சகலருக்கும் அறியத் தருவதாவது: யாழ்ப்பாணத்தில் இனிப் புற்றுநோய்க்கும் சாதி பார்க்கலாம். வாய்க்குள் குழாய் விட வேண்டாம், இரைப்பையில் சதை கிள்ளவும் வேண்டாம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஆளைத் தள்ளினால் போதும். சதைக்குள் தண்ணீர் தாராளமாக நடமாடுகிறதா, நெரிபடுகிறதா என்று அளந்து, கட்டி என்ன வகை, எவ்வளவு கெட்டது என்று அது சொல்லிவிடும். மெல்பேணிலிருந்து வந்திறங்கிய டொக்டர் கோபிசங்கர், தனியார் மருத்துவமனை மண்டபமொன்றில், கழுத்து மாலையைக் கழற்றாமலே இதைப் பிரகடனம் செய்தார்.

செய்துகாட்ட ஒரு வயிறு வேண்டுமே. கரவெட்டி ஞானாம்பிகையின் வயிறு அகப்பட்டது.

மூன்று மாதமாக அவளுக்கு வயிற்று நோவு, உடம்பு பாதியாகியிருந்தது. குழாய் என்றதும் இரண்டு தடவை கட்டிலிலிருந்து எழும்பி ஓடியவள். புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று குழாயில்லாமல் தெரிந்தால் சரி என்றுதான் இந்தக் கூத்துக்கு உடன்பட்டாள்.

படம் எடுக்கும் றெஜினா கேட்டாள்: “விரதம்தானே அம்மா?”

“ஓம் பிள்ளை.”

அரை மணித்தியாலம் தகரத்தில் அடித்ததுபோல இயந்திரம் கத்தியது. பிறகு அவளை மண்டப மூலையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். திரையில் அவளுடைய வயிறு, சிவப்பும் மஞ்சளுமாக.

“பாருங்கோ, இரைப்பை முழுக்க அடைச்சு நிக்குது. பரவுற சாதி. முழுசா வெட்டி எடுக்கவேணும்” என்றார் டொக்டர்.

சபை கைதட்டியது. மூலையிலிருந்த ஞானாம்பிகையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

றெஜினா மட்டும் திரையை உற்றுப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “காலமை என்ன அம்மா சாப்பிட்டனீங்கள்?”

“விரதச் சாப்பாடுதான். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. மச்சம் மாமிசம் தொடேல்லை. நீர்தானே போனிலை விரதமா வரச் சொன்னனீர்?”

“ஒண்டும் சாப்பிடாமல் எண்டெல்லோ சொன்னனான்!”

“அதுக்குப் பேர் பட்டினி, பிள்ளை.”

முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு பின்வரிசை வரை போனது.

டொக்டரின் முகம் கறுத்தது. “உங்களைப்போல சனத்தை வைச்சு விஞ்ஞானம் செய்யேலாது!”

“பூசணிக்காய்க்குச் சாதி சொல்லுற விஞ்ஞானத்தை உம்மடை மெல்பேணிலை போய்ச் செய்யும், தம்பி.”

சபை மறுபடி கைதட்டியது, இம்முறை அவளுக்கு. நிமிர்ந்த தலையோடு வெளியே போனாள்.

அந்தத் திமிர் இறங்குமுன், அடுத்த கிழமையே குழாயையும் விழுங்கினாள். சதை கிள்ளிப் பார்த்தார்கள்.

புற்றுநோய்தான்.