மேசையில் இரண்டு துளைகள்

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ. மேசை வெளிய போனாத்தான் மாமாவைக் கூடத்துல படுக்க வைக்க முடியும்.”

தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். டெய்லரம்மா உடனே நகரவில்லை. பலகை தன்னைக் கடந்தபோது அதன் நடுவில் கறுத்துத் தெரிந்த இரண்டு புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழிவிட்டாள்.

அது அவள் துணி வெட்டும் மேசை. பேருக்குத்தான் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் அவள் கணவர் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு அதைப் பிடித்துக்கொள்வார். நடுவில் இரண்டு ஆணி அடித்து, அவள் நூல்கண்டிலிருந்து உருவிய நூலை வளையமாக முடிந்து ஆணிகளைச் சுற்றிப் போட்டு, உள்ளே பென்சிலை நுழைப்பார். “நூல் தொய்யக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். எங்க போகணும்னு நூலே சொல்லும்.” பென்சில் சுற்றி வந்தால் முட்டை வடிவில் ஒரு கோடு விழுந்திருக்கும். வட்டம் நடத்துவதென்றால் தெருவுக்கே போய்விடுவார். நடுவில் நின்றுகொண்டு, “எல்லாரும் என்கிட்டேருந்து சரியா அஞ்சு எட்டு தள்ளி நில்லுங்க” என்பார். பிள்ளைகள் முட்டி மோதி நின்று முடிக்கையில் வட்டம் தானாக வந்திருக்கும். உள்ளே தபால்காரர் சைக்கிளோடு மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பார். ஊரே அவரை நூல் வாத்தியார் என்றது. அந்த நூல் யாருடையது என்று ஒருத்தரும் கேட்டதில்லை என்பதுதான் டெய்லரம்மாவின் மனத்தாங்கல்.

போன மாதம் வாடிக்கைக்காரி ஒருத்தியின் பட்டுத்துணி அந்த ஆணியில் சிக்கிக் கிழிந்தது. அடித்தவர் அவர், வாங்கிக் கட்டிக்கொண்டவள் இவள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில் ஆணிகளைப் பிடுங்கி எறிந்தாள். மரத்தூளையும் கோந்தையும் குழைத்துத் துளைகளை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தும் விட்டாள். அவர் பாதியாக இளைத்து வீடு திரும்பியபோது அவளுடைய கோபம் இருந்த இடம் தெரியவில்லை. செய்த வேலையை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நேற்று சனிக்கிழமை. பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். அவரும் ஜன்னலோரக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். உள்ளே விட்டால் மேசையைக் கேட்பார். “சாருக்கு முடியல, அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவிட்டாள். பாத்திரங்களைக் கழுவிவிட்டு அவரிடம் போனபோது கேட்டார்.

“பசங்க வந்தாங்களா?”

“இல்லையே.”

“சரி.”

விடிகாலையில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனாள். மூச்சு இல்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், எல்லாவற்றையும் பிறகு ஒப்புக்கொண்டு இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இந்த ஒன்றை ஒப்புக்கொள்ள ஆள் இல்லாமல் போய்விட்டது. காலையிலிருந்து அவளை அழவிடாமல் தடுத்தது அதுதான்.

வாசலில் போட்ட மேசைமேல் தண்ணீர்க் குடமும் டம்ளர்களும் வைத்தார்கள். பதினொரு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். உள்ளே போகப் பயந்து அங்கேயே கூடி நின்றார்கள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி மட்டும் அவளிடம் வந்தாள்.

“டெய்லரம்மா, சார் நேத்து கேட்ட கேள்விக்கு விடை கண்டுபிடிச்சுட்டேன்.”

“நேத்தா? நேத்து எங்க பாத்தே?”

“நீங்க போகச் சொன்னதும் சந்து வழியா போனோம். ஜன்னல்ல சார் உக்காந்திருந்தாரு. சத்தம் போடாதீங்கன்னு வாயில விரல வெச்சுக் காட்டினாரு. அப்புறம் ரெண்டு விரல நீட்டினாரு. இப்படி மெதுவா கிட்ட கிட்ட கொண்டுவந்து ஒட்டிட்டாரு. ரெண்டு ஆணியும் ஒரே இடத்துக்கு வந்துட்டா என்ன கோடு வரும்னு கேக்குறாரு!”

டெய்லரம்மா அந்தச் சின்ன விரல்களையே பார்த்தாள். பிள்ளைகள் வந்தது தெரிந்துதான் அவளிடம் கேட்டிருக்கிறார். இல்லை என்று அவள் சொன்னதையும் சரி என்று வாங்கிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அடக்க முடியாமல் வந்தது. பிள்ளை மிரண்டுபோனாள்.

“நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?”

“இல்லம்மா. விடைய சொல்லு.”

“சொல்ல மாட்டேன். செஞ்சு காட்டாம சொன்னா சார் ஒத்துக்கவே மாட்டாரு. எங்க வீட்டுல ஆணி அடிக்க விடல.”

டெய்லரம்மா எழுந்து உள்ளே போனாள். தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டும் குத்தூசியும் எடுத்து வந்தாள். குடத்தையும் டம்ளர்களையும் ஓரமாக நகர்த்தினாள். இரண்டு புள்ளிகளில் ஒன்றைக் குத்தூசியால் கிளறினாள். காய்ந்த கோந்து பொடிப்பொடியாக வந்தது. ஊதிவிட்டு, குத்தூசியை அந்தத் துளையிலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நூலை முடிந்து மாட்டிவிட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

“அக்கா,” என்றான் தம்பி பின்னாலிருந்து. “வண்டி வந்துடுச்சு. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கிறாங்க.”

“இருடா. பாதிதான் வந்திருக்கு.”

பென்சில் மேசையின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. பிள்ளைகள் அது கடந்து போக ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“நூல் தொய்யுது பாரு,” என்றாள் டெய்லரம்மா. “இழுத்துப் பிடி.”