கண்ணாடியில் தெரிகிற இடம்

நெவில் ட்ரெவின் படகு இறக்கும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. ஏரிக்கரையிலுள்ள பெலிக்கன் முனையில் இது ஊரறிந்த சங்கதி. புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு தெரிந்துகொள்வார்கள். அவருடைய மனைவி மரீக்கு மட்டும் அனுமதி உண்டு. அவளுக்கும் ஒரே ஒரு சொல்தான்.

"மேல மின்கம்பி பார்த்தியா?"

"ஆச்சு."

"தக்கை?"

"ஆச்சு."

"பின்கட்டு?"

"ஆச்சு."

கல்யாணமான புதிதில் வாங்கிய பாய்ப்படகு அது. 'இன்னொரு கரண்டி' என்று பெயர் வைத்தது மரீ. ஆண்டு முழுக்க வீட்டுக் கொட்டகையில் ட்ரெய்லர் மேல் தூங்கும். கோடை வந்தால் காருக்குப் பின்னால் கட்டி ஏரிக்கு இழுத்து வருவார்கள். படகு இறக்கும் சிமெண்டுச் சரிவின் உச்சியில் உள்ள சமதளத்தில், மேலே கம்பி எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துப் பாய்மரத்தை நிமிர்த்த வேண்டும். படகின் அடியிலுள்ள துளையைத் தக்கையால் அடைக்க வேண்டும். படகை ட்ரெய்லரோடு பிணைத்திருக்கும் பின்கட்டை அவிழ்க்க வேண்டும். அப்புறம்தான் பின்னோக்கி ஓட்டித் தண்ணீருக்குள் இறக்குவது. ட்ரெய்லரின் முன்பக்கத்திலிருந்து வரும் பட்டையின் நுனியில் படகின் மூக்கைப் பிடித்திருக்கும் முன்கொக்கியை மட்டும், படகு தண்ணீரைத் தொடும்வரை யாரும் தொடக் கூடாது. தொடுகிறவன் கையை வெட்ட வேண்டும் என்பது நெவிலின் கட்சி.

இன்னொரு சட்டமும் உண்டு. அவர் பின்னோக்கி வரும்போது மரீ முழங்கால் தண்ணீரில், அவருடைய பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். "நீ கண்ணாடியில தெரியலன்னா அந்த நிமிஷமே பிரேக்கை மிதிச்சிடுவேன்" என்பார். சொன்னபடி செய்கிற ஆள்தான். ஒருமுறை செருப்பு மிதந்து போகிறதே என்று அவள் இரண்டடி நகர்ந்ததற்கு, வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி வந்து பத்துப் பேர் முன்னால் கத்தினார். அன்று முழுக்க அவள் அவரிடம் பேசவில்லை. ராத்திரி முட்டை சாண்ட்விச் செய்து கொண்டுவந்து நீட்டினார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

இந்தக் குளிர்காலத்தில்தான் மருத்துவர் அந்த மறதி நோயின் பெயரைச் சொன்னார். ஆரம்ப நிலை, மெதுவாகத்தான் போகும், பக்கத்தில் மனைவி இருந்தால் இப்போதைக்கு வண்டி ஓட்டலாம் என்றார். மகள் டீகன் தொலைபேசியில் அழுதாள். முதல் வேலையாகப் படகை விற்றுவிடுங்கள் என்றாள். மறுநாள் காலை சமையலறையில், நெவில் டீக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மரீயிடம் சொன்னார்.

"டாக்டர் சொன்னா சண்டை போடுவேன். டீகன் சொன்னா ஃபோனை வச்சிடுவேன். நீ சொன்னா கேட்டுக்கறேன். படகு இறக்குறப்ப என்னைக்கு ஒண்ணு தப்புதோ, அன்னைக்கு சாவியை வாங்கிக்க."

"சரி நெவ்."

"பாவம் பார்த்துப் பொய் சொல்லக் கூடாது. என் தலையை இனிமே என்னால நம்ப முடியாது. உன்னைத்தான் நம்பணும். நீயும் பொய் சொல்ல ஆரம்பிச்சா எனக்குப் பிடிச்சுக்க என்னடி இருக்கு?"

அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியம் செய்வது சுலபமாகத்தான் இருந்தது.

நவம்பரில், இங்கே கோடை தொடங்கும் நேரத்தில், மெல்போர்ன் குதிரைப் பந்தய விடுமுறை வந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தில் பாதி ஜனம் படகை வெளியே எடுக்கும். சரிவில் வரிசை நின்றது. ட்ரெவின் தம்பதிக்கு அடுத்து, மெல்போர்னிலிருந்து அலுமினிய மீன்பிடிப் படகோடு வந்திருந்த டேன் என்ற இளைஞன். நல்ல பையன்தான். ஆனால் சும்மா நிற்கத் தெரியாதவன்.

"பெரியவரே, என்ன கல்யாண ஊர்வலமா? மீனெல்லாம் ரிட்டயர் ஆயிடும் போல இருக்கே!"

மரீ பயந்துபோய் நெவிலைப் பார்த்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உன் டப்பாவைப் பார்த்தா மீன் தானா ஓடிடும் தம்பி. நீ அவசரப்படாத."

"டப்பாவா? இது போன மாசம் வாங்கினது அண்ணே!"

"அதான் இன்னும் கீறல் விழல. இரு, விழும்."

அவள் மனசு லேசாயிற்று. எத்தனை மாதமாயிற்று அவர் இப்படி வம்பளந்து! தக்கையை ஒருமுறை திருகிப் பார்த்தாள். பின்கட்டைச் சுருட்டிப் படகுக்குள் போட்டாள். படகின் மூக்கில் கட்டியிருந்த நீளக் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். மேலே அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பேசினால் பேசட்டும் என்று விட்டாள். வேலை நடக்கும்போது பேசக் கூடாது என்ற சட்டம் எதற்காக இருந்தது என்று, சந்தோஷத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

தண்ணீர் சில்லென்று இருந்தது. முழங்கால் ஆழத்தில், வழக்கமான இடத்தில் நின்றாள். கண்ணாடியில் நெவிலின் கண்ணும் நெற்றியும் தெரிந்தன. கையை அசைத்தாள். வா, வா. கார் மெதுவாகப் பின்னோக்கி வர ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்டில் இரும்பு உரசுகிற சத்தம். குனிந்து பார்த்தாள். முன்கொக்கி கழன்று, பட்டையின் நுனியில் தரையோடு இழுபட்டுக்கொண்டு வந்தது.

பேச்சு சுவாரசியத்தில் அவருடைய கை, தண்ணீரில் செய்ய வேண்டிய வேலையை மேலேயே செய்து முடித்துவிட்டிருந்தது.

பின்கட்டும் இல்லை, முன்கொக்கியும் இல்லை. ஒரு சின்னக் காரின் எடையுள்ள படகு, ட்ரெய்லரின் உருளைகள் மேல் சும்மா உட்கார்ந்துகொண்டு சரிவில் இறங்கி வருகிறது. "நிறுத்து!" என்ற சொல் மரீயின் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். நிறுத்து என்றால் அவர் பிரேக்கை மிதிப்பார். ட்ரெய்லர் நிற்கும், படகு நிற்காது. உருளைகள் மேல் வழுக்கி, சிமெண்டில் விழுந்து, பாய்மரத்தோடு அவள் மேலேயே சாயும்.

சரி, ஒதுங்கிவிடலாம் என்றால், ஒதுங்கினால் கண்ணாடியில் தெரிய மாட்டாள். தெரியாவிட்டால் அப்போதும் பிரேக்தான். அவளைக் காப்பாற்றுவதற்காக அவர் போட்ட சட்டம் அவளை அங்கேயே கட்டிப்போட்டது.

அவள் நகரவில்லை. வா, வா என்று கையை அசைத்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் பயம் தெரிந்தால் அதையும் கண்ணாடி காட்டிவிடும் என்று, சிரிக்கவும் செய்தாள். முப்பது வருஷத்தில் அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அந்தச் சிரிப்புதான்.

சரிவின் ஓரத்தில் நின்ற டேனும் கொக்கியைப் பார்த்துவிட்டான். கத்துவதற்கு வாயைத் திறந்தான். மரீ மற்றக் கையை அவனை நோக்கி நீட்டி, ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயோடு நின்றுவிட்டான்.

படகு ஒரு சாண் வழுக்கியது. உருளை கிறீச்சிட்டது. வா, வா. ட்ரெய்லரின் சக்கரம் தண்ணீரைத் தொட்டது, பாதி முங்கியது, முழுதும் முங்கியது. படகின் பின்பக்கத்தைத் தண்ணீர் தூக்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளங்கையை விரித்து, போதும் என்றாள். கார் நின்றது. 'இன்னொரு கரண்டி' யாரும் தள்ளாமலே பின்னால் வழுக்கி, அவள் பக்கமாக மிதந்து வந்தது. அவள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

நெவில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். கொக்கியைக் கழற்றக் கை நீட்டியவர், மிதக்கும் படகைப் பார்த்தார். காலியான ட்ரெய்லரைப் பார்த்தார். பட்டையைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்து, கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிமெண்டில் இழுபட்ட பக்கம் புதிதாகப் பளபளத்தது.

"மரீ, இதை நீ கழட்டினியா?"

டேன் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "நான்தான் அண்ணே! உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு மேலயே கழட்டிட்டேன். தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுக்குங்க."

நல்ல மனசு. பொய்யைத் தட்டில் வைத்து நீட்டினான். மரீ தலையை ஆட்டினால் போதும். இந்தக் கோடையும், ஒருவேளை அடுத்த கோடையும் அவர் கையிலேயே சாவி இருக்கும். அவர் இன்றைக்குச் சிரித்தார். நாளைக்கும் சிரிப்பார்.

நெவில் டேன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரீ?"

"அவன் இல்ல, நெவ்," என்றாள். "நானும் இல்ல."

ஏரியின் மேல் கூழைக்கடா ஒன்று தாழப் பறந்துபோனது. அது போய் இறங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப பார்த்த?"

"நீ சரிவுல இறங்க ஆரம்பிச்சதுமே."

"அப்புறமும் வா வான்னு கூப்பிட்ட."

"நிறுத்துன்னா நீ நிறுத்தியிருப்ப."

"ஆமா. நிறுத்தியிருப்பேன்." கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நகரவும் இல்ல நீ."

"நகர்ந்தாத்தான் கத்துவியே."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. உதடு கோணிக்கொண்டது. தண்ணீருக்குள் இறங்கி வந்து, அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு, கார் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"வண்டியை நீ மேல ஏத்து. நான் படகைப் பிடிச்சுக்கறேன். பையன் காத்துக்கிட்டு இருக்கான்."

டேன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இப்போது அவசரம் எதுவும் இல்லை.

மரீ ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. அந்த இருக்கை அவருடைய நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளியே கிடந்தது. அடியில் கைவிட்டு முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கண்ணாடியில், அவள் நிற்கிற அதே இடத்தில், முழங்கால் தண்ணீரில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"கியர்?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"ஆச்சு!"

"ஹேண்ட்பிரேக்?"

அதை விடுவித்தாள். "ஆச்சு!"

கார் நகர்ந்தது. காலி ட்ரெய்லர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே பின்னால் ஏறி வந்தது. அவளால் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் சின்னதாகிக்கொண்டே போனார்.

"முன்னாடி பாருடி!" என்று அவர் குரல் சரிவு முழுக்க அதிர்ந்தது. "என்னை எதுக்குப் பார்க்கிற? முன்னாடி பாரு!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னால் பார்த்து ஓட்டினாள்.