பொது அறைக்கு ஒரு கணினி

"பெருசு ஒண்ணா, சின்னது ரெண்டா? இன்னைக்கே சொல்லிருங்கலா அக்கா. நாளைக்கு கே.எல்.லேருந்து லோரி கெளம்பிரும்" என்றான் ஹக்கீம். கோலாலம்பூரிலிருந்து சரக்கு எடுத்து ரிங்லெட் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். மத்தியானம் சொல்வதாகச் சொல்லி சசிரேகா போனை வைத்தாள்.

தேயிலைத் தோட்டத்து ஆய்வுக்கூடத்துக்கு வந்த மானியம் அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். பெரிய கணினி வந்தால் தலைமை ஆய்வாளர் டாக்டர் திருமாறனின் அறையில் பூட்டுக்குள் இருக்கும். இரண்டாக வாங்கினால் ஒன்று பொது அறைக்கு. அதில் சசிரேகா தன் சொந்த ஆய்வைச் செய்யலாம். அட்டைக் கடி வாங்கி, சரிவில் விழுந்து எழுந்து, தேயிலையின் கொப்புள நோயை வருடக்கணக்கில் படமெடுத்து வைத்திருக்கிறாள். கணினி இல்லையென்றால் அந்தப் படங்கள் அப்படியே கிடக்கும். களப் பணியாளரான அவளும் கடைசிவரை அடுத்தவர் ஆய்வுக்கு இலை பறித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

திருமாறன் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு போன வருட ஆயுத பூஜைதான் காரணம். பொது அறையின் பழைய கணினியில் அவருடைய ஆய்வுக் கணக்கு ஒன்று பல நாளாக ஓடிக்கொண்டிருந்தது. உதவியாள் குமுதா, நுண்ணோக்கி, தராசு எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தவள், கணினியையும் அணைத்துப் பொட்டு வைத்துவிட்டாள்; ஓடிய கணக்கு அத்தனையும் வீணாயிற்று. பேக்டரியில் அன்றைக்குத் தேயிலை உருட்டும் உருளைகளே நிற்கும். ஓடுகிற மெஷினுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த யாருக்கும் அது தப்பாகவே தோன்றாது. சசிரேகா பக்கத்தில் இருந்திருந்தாலும் தடுத்திருப்பாளா என்பது சந்தேகம்தான். கே.எல்.லில் வளர்ந்த திருமாறனோ வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அன்றிலிருந்து குமுதா பொது அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. வாசல்வரை துடைப்பாள், திரும்பிவிடுவாள்.

"ரெண்டு வாங்குங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல" என்றார் திருமாறன், சசிரேகா அவர் அறைக்குப் போய்க் கேட்டதும். "ஆனா குமுதாவ பேக்டரிக்கு மாத்திடுவேன். யாரு எப்ப கைய வைப்பாங்களோன்னு பயந்துகிட்டு வேலை செய்ய முடியாது."

தலையாட்டினால் முடிந்தது. குமுதாவுக்குச் சம்பளம் குறையப்போவதில்லை. ஆனால் ஏன் மாற்றினார்கள் என்பது லயம் முழுக்கத் தெரிந்துவிடும். குமுதா பள்ளிக்கூடத்தில் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இருந்தும் சசிரேகாவின் தலை பாதி அசைந்துவிட்டது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"குமுதா இங்கயே இருக்கட்டும் டாக்டர். பொது ரூம் சாவியும் அவகிட்ட இருக்கட்டும். உங்க கணக்கு உங்க ரூம்ல ஓடட்டும். பொது ரூம் மெஷின்ல என் வேலை மட்டும்தான். நின்னா என்னோடதுதான் நிக்கும்."

"நின்னுச்சுன்னா என் மெஷினக் குடுங்கன்னு எங்கிட்ட வந்து கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்."

வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த குமுதாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

குமுதா நிமிர்ந்தாள். "ஒன்ன யாரு கேட்டா?"

"என்னடி?"

"இனிமே கரண்டு போனாலும் இடி விழுந்தாலும் குமுதாதான்னு சொல்வாங்க. சாவிய வேற என் தலையில கட்டிட்டு வந்துருக்க. பேக்டரிக்குப் போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்லா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. பெரிய நல்லது செய்துவிட்டோம் என்ற பூரிப்பில் அது சசிரேகாவுக்குத் தோன்றவே இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இப்பக் கேக்குறேன். ஹக்கீமுக்கு இன்னும் சொல்லல. நீ வேணாம்னா பெருசே ஒண்ணு போதும்னு சொல்லிடுறேன்."

குமுதா மாப்பைப் பிழிந்து சுவரில் சாய்த்தாள். பொது அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஈரக் காலோடு உள்ளே போனாள்.

"இந்த மேசையிலயா வைக்கப் போற?"

"ஆமா."

"ஜன்னலுக்கு நேரா இருக்கு. பனி உள்ள வந்து கெட்டுப்போனா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்." மேசையின் ஒரு முனையைப் பற்றினாள். "பாத்துக்கிட்டு நிக்காத. அந்தப் பக்கம் புடி."

சசிரேகா போனை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். மேசை நினைத்ததைவிடக் கனத்தது.