கேலிச்சித்திரத்தில் என் மீசை

பேத்தி வரைந்த படத்தில் என்னை நான் மீசையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கள்ளக்குறிச்சியில் அவள் படிக்கும் பெண்கள் பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுவர் முழுக்க உலக வரைபடங்களும் கேலிச்சித்திரங்களும் ஒட்டியிருந்தார்கள். என் பேத்தி எழில்மதியின் அட்டையில் இரண்டு படங்கள். இடது பக்கம், மார்பில் பதக்கம் தொங்கும் வெள்ளைக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்க வரைபடத்தைக் கத்தியால் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். வலது பக்கமும் அதே மேசை. அதன்மேல் ஒரு கரும்பு வயல் விரிந்திருந்தது, ஓரத்தில் கல்வராயன் மலை. நடு நாற்காலியில் முறுக்கிய மீசையும் தோளில் துண்டுமாக நான். இரு பக்கமும் என் மகன்கள் வெற்றிவேலும் வீரமணியும், ஆளுக்கொரு கத்தியோடு.

அன்று மதியத்துக்குத்தான் கச்சிராயபாளையத்து நிலத்தைப் பிரித்து எழுதப் பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கியிருந்தோம். நிலம் மகன்களுக்கு. மகள் கலையரசி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பெண்கள் ஒரு பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு, ஒரு வேளை விருந்து சாப்பிட்டுவிட்டு, பிறந்த வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். என் தங்கைகள் அப்படித்தான் போட்டார்கள். ஒருத்தியும் வாய் திறந்ததில்லை என்பதை எங்கள் குடும்பத்தின் கௌரவமாக நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துக்காகத் தியாகதுருகத்திலிருந்து வந்திருந்த மகளை, நேரம் இருக்கிறதே என்று கண்காட்சிக்கும் அழைத்து வந்திருந்தேன்.

வெல்ல மண்டி வைத்திருக்கும் கவுஸ் பாஷாவின் பேத்தியும் அதே வகுப்பு. அவரைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"பாய், இங்க வா. எம் பேத்தி என்ன ராஜாங்களுக்குச் சமமா ஒக்கார வச்சிருக்கா, பாத்தியா."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மீசதான் ஜாஸ்தியா பூடுச்சி. நெசத்துல இவ்ளோ இல்லியேங்க." பிறகு விரலைப் படத்தின் ஓரத்துக்கு நகர்த்தினார். "கதவாண்ட காபித் தட்டு வச்சிகினு நிக்குதே, அது யாருங்க?"

உற்றுப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிய ஒரு பெண். பாதி உடம்பு கதவுக்கு அப்பால் இருந்தது.

"வூட்டு வேலக்காரியா இருக்கும்," என்றேன். "அதெல்லாம் எதுக்குப் போட்டான்னு தெரில."

பாஷா எனக்குப் பின்னால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் கலையரசி நின்றிருந்தாள்.

அதற்குள் பெற்றோர் சிலர் வந்துவிட, எழில்மதி குச்சியை எடுத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தாள்.

"பெர்லின் மாநாட்டுல ஆப்பிரிக்காவ யாரு எடுத்துக்கிறதுன்னு பேசுனாங்க. ஆனா ஆப்பிரிக்காக்காரங்க ஒருத்தர்கூட அந்த மேசையில இல்ல. இந்தப் படத்துல…" அப்போதுதான் என்னைப் பார்த்தாள். குச்சி நின்றது. அவள் டீச்சர் பக்கம் திரும்பி, மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "இது எங்க நெலம். கதவாண்ட நிக்கிறது எங்க அத்த. அவங்களுக்கும் பங்கு இருக்குது. ஆனா அவங்கள யாரும் ஒக்கார சொல்லல."

கூட்டத்தின் கண்கள் படத்திலிருந்த மீசையிலிருந்து என் மீசைக்கு வந்தன. ஒரு அம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுப் பேச்சைத் தெருவில் ஒட்டி வைத்துவிட்டாளே. தலைமையாசிரியையிடம் சொல்லி அட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று நடக்கக்கூடச் செய்தேன். ஆனால் அந்தப் பெண்ணை வேலைக்காரி என்று சொன்னது பேத்தி இல்லை. வாசல்வரை போய், செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நின்றேன்.

ஆட்டோவில் கலையரசிதான் பேசினாள். "நல்லா வரஞ்சிருக்காப்பா. என் மூக்குத்திக் கல்லுகூட போட்டிருக்கா."

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் முகமில்லை. "வெயிலா கீதே, ஜூஸ் எதுனா குடிக்கிறியாம்மா?" என்றேன்.

"வேணாம்ப்பா. அண்ணனுங்க காத்துகினு இருப்பாங்க."

பதிவு அலுவலக வாசலில் வெற்றிவேல் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். "இன்னாப்பா, இவ்ளோ நேரம்? நம்ம பேர கூப்ட்டாச்சி." வீரமணி புடவைப் பையைத் தங்கையிடம் நீட்டினான். "மெரூன் கலரு. உங்க அண்ணி எடுத்தது." அவள் பிரித்துப் பார்க்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே, பத்திரத்துக்குப் படம் எடுக்கும் கேமராவுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. "பெரியவரு மொதல்ல வாங்க," என்றார் எழுத்தர்.

நான் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்தேன். உட்கார முடியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. மகன்கள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒக்காரும்மா," என்றேன் கலையரசியிடம்.

அவள் நகரவில்லை. "எதுக்குப்பா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

எழுத்தர் கணினித் திரையைச் சற்றுத் திருப்பி, படம் நேராக விழுகிறதா என்று பார்த்தார். திரையில் காலி நாற்காலி. அதன் முதுகைப் பற்றியிருந்த இரண்டு கிழட்டுக் கைகள் மட்டும் தெரிந்தன.