பீரோவுக்குக் கைகால் முளைத்த படம்

திருநகர் மூன்றாவது ஸ்டாப் டீக்கடையில் மன்றத்துப் பையன் பேயாண்டி நீட்டிய செல்போனில் தன்னையே பார்த்த நொடியில், அழகுபாண்டியின் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்த கொதிக்கிற டீ பாதிவழியில் ஐஸாக உறைந்துபோனது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“பாத்தீகளாண்ணே இந்தக் கூத்த,” என்றான் பேயாண்டி. “நம்ம தலைவர் படத்த, நம்ம மன்றத்து முகமூடியப் போட்டுக்கிட்டே ஒரு பய நாறடிச்சிருக்கான். காலையில போட்ட வீடியோ. அதுக்குள்ள மதுரையில இதப் பாக்காத ஆளு கோயில் யானை மட்டுந்தேன்.”

“யாருன்னு தெரியுதா?”

“அட்டைக்குள்ள மூஞ்சி எங்கிட்டுத் தெரியும். ஆனா குரல எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்குண்ணே.”

அழகுபாண்டி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பேசினால்தானே குரல்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். உசிர்ப்பாட்டுக்கு, நடிகர் ‘சூறாவளி’யின் ரசிகர் மன்றம், திருநகர் கிளை, துணைத்தலைவர். மீசை முளைக்கும் முன்பே மன்றத்தில் சேர்ந்தவர். கிளைத்தலைவர் வெள்ளைத்துரை, ஜேசிபி வாடகைக்கு விடுகிறவர். ஆள் பனைமரத்தில் பாதி, குரல் இடியில் முழுசு. அவர் மகன் பாண்டியராஜனுக்கு அழகுபாண்டி தன் மகள் நாகஜோதியைப் பேசி முடித்துப் பூவும் வைத்தாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். தலைவர் இப்போது சம்பந்தி.

படத்துக்கு மூன்று வருசமாகக் காத்துக் கிடந்தார்கள். கதை நடப்பது இரண்டாயிரத்து நூறாம் வருசம். சூரியனே உதிக்காத ஊர். வாயைத் திறந்து ஆட்சியைக் குறை சொன்னவனை இரும்பு மனிதர்கள் குரலை வைத்தே மோப்பம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். சூறாவளி பறக்கும் பைக்கில் வந்து எல்லாரையும் மீட்பார். டீசர் வந்த அன்றைக்குத் திருநகரில் பாதிப்பேர் சோறு தின்னவில்லை, மீதிப்பேர் தின்றதை மறந்துபோய் மறுபடி தின்றார்கள்.

முதல் நாள் முதல் காட்சிக்குக் கிளை மொத்தமும் சூறாவளியின் அட்டை முகத்தை, பாதி மனுசன் பாதி இரும்பு, எலாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டுதான் போனது. மன்றத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தியேட்டர் வாசலில் எவன் மைக்கை நீட்டினாலும் ‘தரமான சம்பவம்’ என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட வேண்டும். படம் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. போன படத்துக்கு டிக்கெட் கிடைக்காத மன்றச் செயலாளர் ஜேசுராஜ், மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், வண்டி ஸ்டாண்டில் நின்றபடியே நாலு சேனலுக்கு விமர்சனம் கொடுத்தார். க்ளைமாக்ஸில் அழுதேன் என்றும் சொன்னார்.

அப்படிப்பட்ட கிளையின் துணைத்தலைவர்தான் படம் முடிந்து, கூட்டம் கக்கிய வேகத்தில் தன்னந்தனியாக வாசலில் வந்து விழுந்தார். ஒரு பெண் மைக்கை நீட்டினாள். “அண்ணே, படம் எப்படி இருக்கு?”

மூன்று வருச ஆசை வயிற்றுக்குள் செத்துக் கிடந்தது. அட்டைக்குள் இருக்கிறோம், நம்மை யாருக்குத் தெரியும் என்கிற தைரியம் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எதிர்பார்த்த அளவுக்கு இல்லம்மா. எதிர்காலம்னு சொல்லி இருட்டையும் புழுதியையும் காட்டுறாய்ங்க. எங்க கப்பலூருக்கு வா, இத விடப் பயங்கரமாப் புழுதி பறக்கும். அந்த இரும்பு மனுசன் இருக்கானே, எங்க வீட்டு பீரோவுக்குக் கையும் காலும் முளைச்ச மாதிரி இருக்கான். அவனப் பாத்து எப்படிம்மா பயம் வரும்?”

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் பீரோ உலகப் புகழ் பெற்றுவிட்டது. சென்னையிலிருந்து தலைமை மன்றம் வெள்ளைத்துரைக்குப் போன் போட்டது. முகமூடி திருநகர் கிளையுடையது, ஆளைக் கண்டுபிடி, கட்-அவுட் முன்னால் மண்டி போட வைத்து மன்னிப்பு வீடியோ அனுப்பு, இல்லாவிட்டால் கிளையே இருக்காது.

வெள்ளைத்துரை ஆட்களைக் கூட்டி, உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, அது எரிய எரியக் கையை மூடி அணைத்தார்.

“நல்ல படத்த நொட்ட சொன்ன அந்தப் பய எவனா இருந்தாலும் சரி, சொந்தமா இருந்தாலும் சரி, இனி அவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன். அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். கருப்பன் மேல சத்தியம்.”

முதலில் கைதட்டியவர் அழகுபாண்டிதான். தட்டிய கையோடு வீட்டுக்கு நடந்தார். சாப்பிட்டுக் கை நனைக்காத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது? கருப்பன் மேல் செய்த சத்தியத்தை மீறிய வம்சத்தில் வாய் கோணும், மாடு மலடாகும், போர்வெல்லில் தண்ணீருக்குப் பதில் புகை வரும். வெள்ளைத்துரை மலையைப் புரட்டினாலும் சத்தியத்தைப் புரட்ட மாட்டார்.

நாகஜோதி கல்யாண ஜாக்கெட்டுக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சைகையிலேயே தண்ணீர் கேட்டதையும், சைகையிலேயே தொண்டை வலி என்றதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடத்து மூலையில் நின்ற பீரோவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. துணியை மடித்து வைத்தாள்.

“மாமா நாளைக்குக் காலையில எல்லாரையும் ஜேசிபி செட்டுக்கு வரச் சொல்லியிருக்காராமே. குரலைச் சோதிக்கப் போறாராம். பச்சத் தண்ணியக் குடிங்கப்பா, தொண்ட கட்டட்டும்,” என்று சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

அழகுபாண்டி ஒரு குடம் பச்சைத் தண்ணீர் குடித்தார். தொண்டை கட்டவில்லை. குரல் வெண்கலம் மாதிரி மேலும் தெளிந்துதான் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. திருமங்கலம் ரோட்டோரத்தில் வெள்ளைத்துரையின் ஜேசிபி செட். டீசல் வாடை. தலைக்கு மேலே இரும்புக் கைகள் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கின. படத்தில் வராத பயம் அழகுபாண்டிக்கு இங்கே மொத்தமாக, வட்டியோடு வந்தது. ஸ்டூலில் ஒரு போனை நிறுத்தி வைத்துவிட்டு, வெள்ளைத்துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சூடம் சுட்ட உள்ளங்கையில் கொப்புளம்.

“எல்லாரும் முகமூடியப் போடுங்க. ஒவ்வொருத்தனா முன்னால வந்து ‘படம் எதிர்பார்த்த அளவுக்கு இல்ல’ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். வீடியோவுல இருக்க குரலோட ஒத்துப் பாக்குறேன்.”

எலாஸ்டிக்குகள் சடசடவென்று ஏறின. செட்டுக்குள் எங்கே திரும்பினாலும் ஒரே முகம், பாதி இரும்பு. பேயாண்டி முதலில் போனான்.

“படம் எதிர்பார்த்த அளவுக்கு இல்ல,” என்றான். நிறுத்தியிருக்கலாம். அட்டைக்குள் போன வாய்க்கு என்ன வருமோ, நிற்கவில்லை. “அதுலயும் ரெண்டாவது பாதி, வண்டிய நியூட்ரல்ல போட்டுட்டு டிரைவர் எறங்கிப் போன மாதிரி.”

“சொன்னத மட்டும் சொல்லுடா.”

ஜேசுராஜ் சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தவர், வெள்ளைச் சட்டையோடு நின்றார். “படம் எதிர்பார்த்த அளவுக்கு இல்ல. சூரியனே இல்லாத ஊர்ல அந்தப் பொண்ணு எட்டுப் பாட்டுக்கு எட்டுச் சேலை கட்டுது. எங்க காயப்போட்டுச்சு? பறக்குற பைக்குக்கு எங்க பெட்ரோல் போட்டாங்க? கணக்கு ஒதைக்குது.”

“சார், நீங்க ஸ்கூல்லயே கணக்குப் பாருங்க,” என்றது பேயாண்டியின் அட்டை. “அந்தப் பாலத்துச் சண்ட இருக்கே, அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு. நாமதேன் ஆசைய மச்சுவீடு அளவுக்குக் கட்டிட்டுப் போனோம். அவரு என்ன செய்வாரு?”

“ஆசைய யாருய்யா கட்டச் சொன்னது? அவுகதான டீசர்ல கட்டுனாக?”

“எதிர்காலம்னா பறக்குற காரு வேணும்ணே,” என்றது பின்னாலிருந்து இன்னொரு அட்டை. “ஆட்டோவுக்கு ரெக்கைய ஒட்டி விட்டிருக்காய்ங்க. எங்க தெருவுல நிக்கிற ஆட்டோவே பாக்க இதவிடப் பயமா இருக்கும்.”

அட்டையும் அட்டையும் மோதிக்கொண்டன. யார் சொல்வது எந்த வாயிலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. வெள்ளைத்துரையின் முகம் ஐப்பசி வானம் மாதிரி இருண்டது. அப்போது ஜேசுராஜ் ஒரு வார்த்தை சொன்னார்.

“படத்துல எனக்குப் பயமே வரல. இங்கதான் வருது. குரலை வச்சு ஆளப் பிடிக்கிறது படத்துல வில்லனோட வேலைல்ல?”

தகரக் கூரை வெயிலில் நெளிகிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத்துரை மெதுவாகத் திரும்பினார். “அடுத்து மச்சான். வாங்க.”

அழகுபாண்டி ஓரடி எடுத்து வைப்பதற்குள் ஓரத்தில் நின்ற ஒரு அட்டை குறுக்கே வந்து முகத்தைக் கழற்றியது. பாண்டியராஜன்.

“மாமாவ விடுங்கப்பா. தியேட்டர்ல பேசுனது நாந்தேன்.”

“நீயா? ஒன் குரல் எனக்குத் தெரியாதா?”

“சளி பிடிச்சிருந்துச்சு.”

வெள்ளைத்துரை மகனைப் பார்த்தார், கொப்புளத்தைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார். சத்தியம் அவர் தலைக்குள் நின்று நிதானமாகப் புரிந்தது. “அப்ப என் வீட்டுலயே நான் கை நனைக்கக் கூடாதா?”

“ஓட்டல்ல சாப்புடலாம்ணே,” என்றான் பேயாண்டி, உதவியாக.

வெள்ளைத்துரை எழுந்தார். “மண்டி போடுடா. சென்னைக்கு அனுப்பணும். பெத்த மகன்னு பாத்தா நாளைக்கு ஊரு என்னையச் சிரிக்கும்.” அவர் குரலில் இடி இல்லை. அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. பாண்டியராஜன் சிமெண்டுத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றினான்.

மகளுக்கு மாப்பிள்ளையாக வரவேண்டியவன். இவனை மண்டி போட வைத்துவிட்டு எந்த முகத்தோடு மணவறைப் பக்கம் நிற்பது? அழகுபாண்டி அட்டையைக் கழற்றினார். வேர்வையில் சூறாவளியின் பாதி மூக்கு அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“எந்திரி மாப்ள. மச்சான், அவனில்ல. எதிர்பார்த்த அளவுக்கு இல்லம்மான்னு சொன்னது நாந்தேன். பீரோன்னு சொன்னதும் நாந்தேன்.”

இந்தக் குரலும் வீடியோக் குரலும் ஒத்துப்போன அளவுக்கு இரட்டைப் பிள்ளைகள்கூட ஒத்துப்போகாது. வீடியோவே வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைத்துரை வாசலுக்குப் போனார். ஷட்டரை இழுத்து இறக்கினார். செட் இருண்டது. அழகுபாண்டி ஜேசிபியின் பல்லைப் பார்த்து, தன் உடம்பு அதில் எத்தனை அள்ளு வரும் என்று யோசித்தார்.

“எல்லாரும் போன அணைச்சுக் கீழ வைங்க,” என்றார் வெள்ளைத்துரை. வைத்தார்கள். அவர் ஜேசுராஜ் பக்கம் வந்தார். “சாரே, நான் சத்தியம் பண்றப்ப என்ன சொன்னேன்?”

“நல்ல படத்த நொட்ட சொன்னவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னீங்க.”

“படம் நல்லா இல்லன்னா?”

ஜேசுராஜ் யோசித்தார். “அப்ப அந்தச் சத்தியம் யாரு மேலயும் ஒட்டாது. ஆனா அத நாங்க சொல்லி ஆகாது. சத்தியம் பண்ணுனவர்தான் சொல்லணும்.”

முப்பது வருசத் தலைவர். சூறாவளியின் எந்தப் படத்தையும் சுமார் என்றுகூடச் சொன்னதில்லை. ஸ்டூலில் கிடந்த ஒரு அட்டையை எடுத்தார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரும்பக் கீழே வைத்தார்.

“கருப்பன்ட்ட அட்டையப் போட்டுக்கிட்டுப் பேச முடியாதுல்ல,” என்றார். பிறகு ஷட்டர் இடுக்கைப் பார்த்துக்கொண்டே, காதோடு காதாகச் சொல்கிற மாதிரி சொன்னார். “எடவேளைக்கு அப்புறம் நான் முழிச்சிருக்கவே இல்ல, மச்சான். சத்தத்துல முழிச்சுப் பாத்தா எதுக்க அந்த இரும்புப் பய நிக்கிறான். நான் வீட்டுலதான் இருக்கேன், இது நம்ம பீரோன்னு நெனச்சிட்டேன்.”

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

“படம் நல்லா இல்ல,” என்றார் வெள்ளைத்துரை. அட்டையில்லாத முகத்தோடு, கருப்பனுக்குக் கேட்கிற அளவுக்கு.

அந்த நேரம் பார்த்து ஸ்டூலில் நின்ற போன் அலறியது. அணைக்காமல் விட்ட ஒரே போன், அவருடையது. காலையிலிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு நின்ற போன். திரையில் சென்னைத் தலைமை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“சொல்லுங்கண்ணே,” என்றார் வெள்ளைத்துரை, விறைப்பாக நின்றுகொண்டு. “விசாரிச்சிட்டோம்ணே. நம்ம கிளை இல்லண்ணே. எவனோ நம்ம முகமூடியத் திருடிப் போட்டுருக்கான். கோச்சடைப் பக்கம்னு பேச்சு அடிபடுது… ஆமாண்ணே, விடமாட்டோம்ணே.”

“கோச்சடையில என் மச்சினன் இருக்கான்ணே,” என்றான் பேயாண்டி மெல்ல.

வெள்ளைத்துரை பதிவை அழித்தார். அழிந்ததா என்று ஜேசுராஜிடம் காட்டிக் கேட்டார். மறுபடி அழிக்க முடியுமா என்றும் கேட்டார். பிறகு அழகுபாண்டி பக்கம் திரும்பி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“மச்சான், வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?”

“கறி எடுத்திருக்கு,” என்றார் அழகுபாண்டி. சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மதியம் நாகஜோதி இலை போட்டாள். பாண்டியராஜன் தலை நிமிராமல் தின்றான். வெள்ளைத்துரை கொப்புளக் கையாலேயே பிசைந்து, இரண்டு தடவை குழம்பு கேட்டு, மூன்றாவது தடவை கேட்காமலே வாங்கிக்கொண்டார். படத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல் பேசவில்லை. தெருவில் எதுவோ மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது மட்டும் கவளம் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. அது போன பிறகு, “தாயி, அந்தக் கதவக் கொஞ்சம் சாத்திரு,” என்றார் வெள்ளைத்துரை.