ஸ்டைனாருக்கு ஒரு முதல் வசனம்

1

இந்தக் கதையை நானாகத் தொடங்கவில்லை. மீன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் ஸ்டைனார்தான் தொடக்கிவைத்தான்.

"நீ எழுதுறனீதானே?"

"ஓம். தமிழிலை."

"எந்த மொழியெண்டாலும் பரவாயில்லை. எனக்கொரு வசனம் எழுதித் தா மச்சான்."

"என்ன வசனம்?"

"ம்" என்றான்.

பதினெட்டு வருடமாக அந்த 'ம்'களைக் கேட்டு வருகிறேன். பசி ம், காற்று ம், மேலாளர் வருகிறார் ம் எல்லாம் எனக்கு அத்துப்படி. இது புதியது. வெட்கப்பட்ட ம்.

மூன்றாம் பெட்டி மீன் முடியும்போதுதான் மிச்சம் வந்தது. இன்னும் இரண்டு கிழமையில், ஒரு வியாழக்கிழமை, பிலிப்பைன்ஸிலிருந்து ஜோவெலின் வருகிறாள், அவனோடு வாழ. விமான நிலையக் கதவால் அவள் வெளியே வந்ததும் முதல் வசனத்தை அவன்தான் சொல்லவேண்டும். அவளுடைய தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லாவிட்டால் அவள் திரும்பிப் போகலாம்.

இந்த வடகோடிக் கடற்கரை ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் எனக்குத் தமிழ் பேச ஆள் இல்லை. யாரோ என்னிடம் ஒரு வசனம் கேட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய சங்கதி. வசனம் வரவில்லை. கதை வந்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[வடக்குக் கடலின் குளிர்காற்று அந்தச் சிறிய விமான நிலையத்தின் கண்ணாடிகளில்]

நிறுத்திவிட்டேன். ஸ்டைனாருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை.

[ஐம்பத்தெட்டு வயதில் காதல் வருமா என்று கேட்பவர்களுக்கு]

யாரும் கேட்கவில்லை. இங்கே எழுபத்தைந்தில் வந்தாலும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். ஸ்டைனாரும் அவன் மனைவி குன்வோரும் இருபத்தாறு வருடம் வாழ்ந்து, ஒரு வருடம் பிரிந்திருந்து, முறைப்படி விவாகரத்து எடுத்தார்கள். சண்டை இல்லை. குன்வோர் நாலு வீடு தள்ளிக் குடிபோனாள். இப்போது பஸ் ஓட்டுகிற பெட்டரோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒன்றாக இருந்து வாஃபிள் என்கிற இனிப்பு அப்பம் சாப்பிடுகிறார்கள். நானும் போவேன்.

ஜோவெலின் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் மச்சாளைப் பார்க்க மூன்று வருடத்துக்கு முன் வந்தவள். நாற்பத்தாறு வயது. படகுத் துறையில் ஸ்டைனாரிடம் நேரம் கேட்டிருக்கிறாள். அவன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவள் ஐம்பது நிமிடம் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் அது பிடித்துப்போயிற்று.*

* இதைவிட அழகான முதல் சந்திப்பு ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். மழை, ஒரே குடை. அன்றைக்கு நல்ல வெயில் என்று ஸ்டைனார் அடித்துச் சொன்னபடியால் வெட்டிவிட்டேன்.

3

குடிவரவு அலுவலகம் கேட்ட தாள்களை இரண்டு கிழமையில் ஒழுங்குசெய்தான். விவாகரத்துத் தாள், சம்பளத் தாள், வீட்டுத் தாள். அவள் வந்து ஆறு மாதத்துக்குள் கலியாணம் செய்யவேண்டும் என்று அனுமதியும் கிடைத்தது. அரசாங்கத்தைச் சமாளித்துவிட்டான். சமாளிக்க முடியாமல் போனது ஜோவெலினின் தாயை. பெயர் எர்லிந்தா.

மாசி மாதம் ஸ்டைனார் அவர்களுடைய வீட்டுக்குப் போனான். இலோய்லோ நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே. அந்தப் பக்கத்து முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டோடு வந்து பெண் கேட்கவேண்டும். எர்லிந்தாவும் தன் பக்கத்துக்குப் பத்துப் பேருக்குச் சமைத்து, வீட்டைக் கழுவி, கதிரைகள் இரவல் வாங்கிப் போட்டிருந்தார். ஸ்டைனார் ஒரு துண்டுப் பழுப்புச் சீஸோடு தனியாகப் போய் இறங்கினான். இங்கே ஐம்பத்தெட்டு வயது மனிதன் பெண் கேட்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால், உடம்புக்கு ஏதுமோ என்று விசாரிப்பார்கள்.

எர்லிந்தா கேற்றடிக்குப் போய் வீதியை எட்டிப் பார்த்தார்.

"மற்ற ஆக்கள் எங்கை? வாகனம் பிந்துதோ?"

"நான் மட்டுந்தான்" என்றான் ஸ்டைனார். பிறகு இரண்டு மணி நேரம் புன்னகையோடு இருந்தான். அவ்வளவுதான்.

அவன் போனபிறகு எர்லிந்தா மகளைப் பிடித்துக்கொண்டார். "ஃபிரிஜ் வாங்கப் போறவன்கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போறான்! பொஞ்சாதி உயிரோடை இருக்கிறாள். எங்கடை நாட்டிலை விவாகரத்து எண்டு ஒண்டே இல்லை. நீ ரெண்டாந்தாரமாய்ப் போகப்போறியோ? அந்தப் பொஞ்சாதியே வந்து கேக்கட்டும், அனுப்பிறன்!"

கோபத்தில் சொன்ன நையாண்டி அது. ஜோவெலின் அழுதுகொண்டு ஸ்டைனாருக்குச் சொன்னாள். இந்த ஊர் ஆட்களுக்கு நையாண்டி பிடிபடாது. அவன் அதை விண்ணப்பத்தில் விடுபட்ட இன்னொரு தாள் மாதிரி எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு வாஃபிளுக்கு ஜாம் பூசிக்கொண்டே, "குன்வோர், நீ வந்து பொம்பிளை கேக்கவேணுமாம்" என்றான்.

குன்வோர் கோப்பியை வைத்தாள். "எத்தினை மணிக்கு?"

4

இங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. விவாகரத்தான மனைவி பழைய புருஷனுக்குப் பெண் கேட்கிறாள் என்று எழுதினால் தமிழில் யார் நம்புவார்கள்? குன்வோரை ஸ்டைனாரின் அக்காவாக மாற்றினேன். அந்தப் பிரதியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அக்கா கேட்டாள், தாய் சம்மதித்தார், நானே கொட்டாவி விட்டேன். எர்லிந்தா கேட்கப்போகும் கேள்விக்கு அக்கா பதில் சொல்ல முடியாது. அதற்கு அவனோடு வாழ்ந்து பார்த்த ஒருத்தி வேண்டும்.

குன்வோரிடமே கேட்டேன். "உங்களை அக்காவாக்கினால் கோவிப்பீங்களோ?"

"அக்காவோ? அவனை ஒரு நாளும் அக்காவாய் நான் அடக்கி வைக்கேல்லை, தம்பி. பொஞ்சாதியாய்த்தான் அடக்கி வைச்சனான். உள்ளதை எழுது."

5

ஞாயிறு மத்தியானம், ஃபோனில் வீடியோ அழைப்பு. பிலிப்பைன்ஸில் இருட்டத் தொடங்கும் நேரம். குன்வோர் ஊர்க் கம்பளி உடையை முழுதாக உடுத்தி, வெள்ளி ஊசிகள் குத்தி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஃபோனிலை சப்பாத்துத் தெரியாது" என்றான் பெட்டர்.

"எனக்குத் தெரியும். நீ ஃபோனை ஆட்டாமல் பிடி."

மறுபக்கத்தில் பதினாலு பேர். நடுவில் எர்லிந்தா. ஜோவெலின் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. இது பிழைத்தால் அவள் வரப்போவதில்லை. தாயின் மனதை உடைத்துவிட்டு விமானம் ஏறமாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பாடு கொண்டுவர வேண்டுமல்லவா? குன்வோர் வாஃபிள் தட்டை ஃபோனுக்கு முன்னால் நீட்டினாள். எர்லிந்தா பொரித்த நூடில்ஸையும் சுட்ட கோழியையும் காட்டினார். அவர்களுடையதை அவர்கள் சாப்பிட்டார்கள், எங்களுடையதை நாங்கள் சாப்பிட்டோம்.

"நீ ஆர், பிள்ளை?" எர்லிந்தா கேட்டார், தெரிந்துகொண்டே.

"இவன்ரை பழைய மனிசி. இவனுக்குத் தாய் தேப்பன் இல்லை. அதுதான் நான் வந்திருக்கிறன். உங்கடை மகளை எங்கடை வீட்டுக்குத் தாங்கோ."

பதினாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எர்லிந்தா கையை உயர்த்தினார்.

"ஒண்டு மட்டும் சொல்லு. ஏன் இவனை விட்டனீ?"

ஸ்டைனார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

"அடிக்கமாட்டான், அம்மா" என்றாள் குன்வோர். "பொய் சொல்லமாட்டான். பாத்திரம் கழுவுவான். கதைக்கமாட்டான். ஒரு மாரிகாலம் முழுக்க 'ம்' எண்டவன். எனக்கு என்ரை குரலே பிடிக்காமல் போச்சு. அதாலை வெளிக்கிட்டனான். வேறை ஒரு குறையும் சொல்ல ஏலாது."

ஜோவெலின் மொழிபெயர்க்கும்போது நடுவில் நிறுத்தினாள். பிறகு முழுவதையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை என்று பின்னர் சொன்னாள்.

எர்லிந்தா ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"என்ரை மனிசன் முப்பது வருசம் வாய் மூடேல்லை. ஒரு சொல்லும் உண்மையில்லை! என்ரை மகள் ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைப்பாள், பயப்பிடாதை." சிரிப்பை நிறுத்தினார். "ஆனால் அவளும் ஒரு நாள் களைப்பாள். அங்கை இறங்கினவுடனை முதல் வசனம் அவன் சொல்லவேணும். அவள் வாய் திறக்கமாட்டாள். அவன் 'ம்' எண்டால் திருப்பி ஏத்திவிடு. நீதான் பிணை."

"நான் பிணை" என்றாள் குன்வோர்.

ஸ்டைனார் நிமிர்ந்து பார்த்தான். "ம்" என்று வரப்போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். விழுங்கிவிட்டு, "சரி அம்மா" என்றான். ஃபோனைப் பிடித்திருந்த பெட்டர் கைதட்டிவிட்டான். அரை நிமிடம் அங்கேயுள்ளவர்கள் எங்கள் கூரையைத்தான் பார்த்தார்கள்.

6

இனி என்னுடைய பாடு. எழுதியவை:

[என் வாழ்வின் இருளை அகற்ற வந்த] குன்வோர் வாசித்துக் காட்டச் சொல்லி, பாதியில் எழும்பிப் போய்விட்டாள்.

[பயணம் சுகமாக இருந்ததா?] "தபாலிலை பாசல் வந்தாலும் இதைத்தான் கேப்பாங்கள்" என்றான் பெட்டர்.

[நீ வந்தது எனக்குச் சந்தோஷம்.] இதை ஸ்டைனார் ஒரு கிழமை பாடமாக்கினான். மீனைப் பார்த்துச் சொன்னான். மீனுக்கு ஆட்சேபனை இல்லை. எனக்குத்தான் இருந்தது. அது பாடப்புத்தகம்.

7

இன்றைக்குப் புதன்கிழமை. சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டைனார் என் தாளை மடித்துத் திருப்பித் தந்தான்.

"நல்ல வசனம் மச்சான். ஆனால் உன்ரை குரல் இதிலை கேக்குது. அவள் கண்டுபிடிச்சிடுவாள்."

"அப்ப என்ன சொல்லப்போறாய்?"

"தெரியேல்லை." பாணைக் கடித்தான். பிறகு, கேட்காமலே, சொல்லத் தொடங்கினான். அவளுக்காக மேல் அறையில் தெற்கு யன்னலைப் பெரிதாக்கினானாம். அரிசிக்கு ஒரு பெரிய வாளி வாங்கினானாம், மூடி இறுக்கம் போதாதாம். சத்தமாய்ப் பாட ஒரு பாட்டுப் பெட்டி அவள் கேட்டாளாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டானாம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம். பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. மூடி இறுக்கம் போதாத வாளியைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. குறுக்கே பேசவில்லை.

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவன் வசனத்தை மறந்து அழுகிறான், அவள் அணைத்துக்கொள்கிறாள். மற்றதில் அவள் பொறுக்கமுடியாமல் தானே பேசத் தொடங்கிவிடுகிறாள். இரண்டையும் எடுத்துவிட்டேன். நாலு நிமிடம் பேசியவனுக்கு நான் செய்கிற துரோகம் அது.

இந்தக் கதையை இன்றைக்கே அனுப்புகிறேன். விமானம் நாளை இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. நீங்கள் வாசிக்கும்போது அது எப்போதோ இறங்கியிருக்கும். சிறிய விமானம், முப்பது சீற், ஒரே கதவு. குன்வோர் சப்பாத்தோடு நிற்பாள். பெட்டர் ஃபோனைப் பிடித்திருப்பான், அதற்குள் எர்லிந்தா. கதவு திறக்கிறது. ஜோவெலின் பெட்டியை வைத்துவிட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அவனைப் பார்க்கிறாள். ஸ்டைனார் வாய் திறக்கிறான்:

"[                              ]"

எனக்கு இதற்கு மேல் கைவரவில்லை. நீங்கள் எழுதுங்கள். நீளம் உங்கள் விருப்பம், வாளியைப் பற்றி இருந்தாலும் சரி. 'ம்' மட்டும் வேண்டாம். குன்வோர் பிணை நின்றிருக்கிறாள்.